கண்டக்குழியில் லவண்டர் வெந்த நாள்

ஷஃபீனா ராத்தாவை நான் முதன்முதலாகக் கண்ட அன்று, அவருடைய படலையடியில் ஐந்து பெண்கள் நின்று மௌத்தானது யார் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் இறந்திருக்கவில்லை. உள்ளே பிஸ்கட் வெந்துகொண்டிருந்தது.

இரண்டு வருடங்களுக்கு முந்திய ஜூன் மாதம் அது. கச்சான் காற்று கடலிலிருந்து மணலை வாரி ஊருக்குள் எறிந்துகொண்டிருந்தது. பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராகச் சேர்ந்து எனக்கு ஐந்து மாதங்கள்கூட ஆகவில்லை. வீட்டில் இருந்தபடியே தொழில் செய்யும் பெண்களின் விபரம் திரட்டும் வேலை தந்திருந்தார்கள். என் வாப்பா குறிஞ்சிப்பிட்டியில் வெங்காயத் தோட்டம் செய்பவர். எங்கள் பரம்பரையில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் அடையாள அட்டையைச் சட்டைப்பைக்குள் வைக்காமல், பார்ப்பவர் கண்ணில் படும்படி கழுத்தில் தொங்கவிட்டிருப்பேன். கண்டக்குழியில் கேக் செய்யும் ஷஃபீனாவின் வீடு எது என்று கேட்டு, மோட்டார்சைக்கிளை வேலியோரம் நிறுத்தினேன்.

படலையைத் திறக்கும்போதே அந்த மணம் அடித்தது. என்ன ஏது என்று யோசிக்கவில்லை. கை தானாகச் சட்டைப்பையில் தொப்பியைத் தேடியது.

கற்பூரம் என்றால் மற்றவர்களுக்குக் கோயில் தட்டு நினைவுக்கு வரலாம். எங்கள் ஆட்களுக்கு அப்படியில்லை. மையத்தை, அதாவது இறந்தவரின் உடலை, குளிப்பாட்டும்போது இலந்தை இலை போட்ட தண்ணீரை முதலில் ஊற்றுவார்கள். கடைசியாக ஊற்றும் தண்ணீரில் கற்பூரம் கரைப்பார்கள். பிறகு கபன் துணியால் சுற்றுவார்கள். அதனால் ஒரு வீட்டிலிருந்து கற்பூரம் மணத்தால் தலையை மூடிக்கொண்டு போய் நிற்பதுதான் எங்களுக்குத் தெரிந்த முறை. அந்த ஐந்து பெண்களும் அதைத்தான் செய்திருந்தார்கள். முன்னால் நின்றவர் பக்கத்து வீட்டு ஸுஹைரா. அவர் ஏற்கெனவே, மௌத்துச் செய்தி கேட்டால் சொல்கிற "இன்னாலில்லாஹி" சொல்லி முடித்திருந்தார்.

"யாரு ராத்தா? எந்த ஊட்டுல?"

"ஒரு ஊட்டுலயும் இல்ல, புள்ள. பிஸ்கட் போட்டிரிக்கன்."

"பிஸ்கட்டுக்குக் கற்பூரமா போட்டீங்க?"

"கற்பூரமில்ல. லவண்டர் எண்டு ஒரு பூ. மக்டலின் தந்தது."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவருக்குச் சிரிப்பு வந்து, முந்தானைக்குள் அடக்கிக்கொண்டார். ஷஃபீனா ராத்தா உள்ளே போய், சூடு ஆறாத பிஸ்கட்டுகளை ஒரு தட்டில் அடுக்கிக் கொண்டுவந்து நீட்டினார். வட்ட வட்டமாக, ஓரம் சிவந்து, பார்க்க அழகாகத்தான் இருந்தன. ஒருவருக்குப் பல்வலி. ஒருவருக்குச் சீனி வருத்தம். ஒருவர் இப்போதுதான் சோறு தின்றாராம். ஒருவர் திரும்பி நடந்துவிட்டார். ஸுஹைரா தனக்கு ஸுன்னத்தான நோன்பு என்றார். திங்களிலும் வியாழனிலும் பிடிக்கிற நோன்பு அது. அன்று புதன்கிழமை.

தட்டு என் பக்கம் திரும்பியது. படித்த ஆள் பயப்படக்கூடாது என்று ஒன்றை எடுத்துக் கடித்தேன். நல்ல வெண்ணெய், பதமான மொறுமொறுப்பு. அதற்குப் பின்னால், நாக்கின் அடியில், சவர்க்காரக் கசப்பும் கற்பூரமும். மென்று விழுங்கி, நல்லா இருக்கு ராத்தா என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தண்ணீர் கொண்டுவரச் சொல்லி மகளைக் கூப்பிட்டார்.

பெண்கள் போன பிறகு படிவத்தை எடுத்தேன். பெயர், வயது நாற்பத்தாறு, கணவர் றஸீன், மீன்பிடி. ஒரு மகள், ஃபஹ்மியா, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறாள். 'தொழில்' என்ற இடம் வந்ததும், 'வெதுப்பக உற்பத்தி' என்று எழுதுகிறேன் என்றேன். அப்படியென்றால் என்ன என்று கேட்டார். பேக்கரிச் சாமான் என்றேன்.

"எனக்கு ரெண்டு வேலை இரிக்கி, தம்பி. மத்தத எழுத எடமிரிக்கா?"

மற்ற வேலை என்ன என்று கேட்டேன். பதிலை ஃபஹ்மியா சொன்னாள், தண்ணீர்க் கோப்பையை என் முன்னால் வைத்தபடி: "உம்மாதான் இந்த ஊருல பொம்புள மையத்துக் குளிப்பாட்டுறது."

அவள் அதைச் சொன்ன விதத்தில் ஒரு மனக்குறை இருந்தது. என் கையில் பாதி கடித்த பிஸ்கட் இருந்தது. உண்மையைச் சொன்னால், அந்தக் கணத்தில் நானும் அந்தப் பிஸ்கட்டைப் பார்த்தேன். பிறகு அவருடைய கையைப் பார்த்தேன். அதை அவரும் கண்டார்.

அந்த வெட்கம்தான் என்னைத் திரும்பத் திரும்ப அந்த வீட்டுக்குப் போக வைத்தது. விபரம் திரட்டுவது ஒரு நாள் வேலை. நான் அதற்குப் பிறகு எத்தனையோ தடவை போயிருக்கிறேன்.

ஷஃபீனா ராத்தா கேக் பழகியது கற்பிட்டியில் பெண்களுக்கு நடத்திய மூன்று மாத வகுப்பில். ஃபஹ்மியா அப்போது கைக்குழந்தை. முதல் நோன்புப் பெருநாளுக்குப் பட்டர் கேக் செய்து பக்கத்து வீடுகளுக்கு அனுப்பினார். அடுத்த பெருநாளுக்கு அந்த வீடுகளே வந்து கேட்டன. பிறகு கலியாணங்கள், பிள்ளைக்குப் பெயர் வைக்கிற விருந்துகள். றஸீன் நானா நல்ல மீன் பட்ட ஒரு மாதத்தில் கரண்டில் வேலை செய்யும் மேசை ஓவன் ஒன்று வாங்கி, துணியால் சுற்றி, முச்சக்கர வண்டியில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அந்த ஓவன் இன்னும் இருக்கிறது. கதவின் கைபிடி கழன்று, மீன்வலை நூலால் கட்டியிருக்கிறார்கள்.

மையத்து வேலை அவருடைய சாச்சி, சின்னம்மாவிடமிருந்து வந்தது. சாச்சிக்கு முழங்கால் வருத்தம். குனிய முடியாது. ஒரு நாள் ஊரில் இளம் பெண் ஒருத்தி பிள்ளைப்பேற்றில் மௌத்தானாள். தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும் என்று சாச்சி கூப்பிட, ஷஃபீனா ராத்தா போனார். அவருக்கு முப்பத்தொன்பது வயது. மற்ற இளம்பெண்கள் குளிப்பாட்டும் இடத்தை மறைத்துக் கட்டிய சீலைத் திரைக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்கள். சாச்சி வாயால் சொல்லச் சொல்ல, இவர் கையால் செய்தார். அதற்குப் பிறகு கூப்பிட்ட இடமெல்லாம் போனார். கூலி வாங்குவதில்லை. அங்கே கண்டதை வெளியில் கதைப்பதில்லை. அது குளிப்பாட்டுபவர்கள் நம்பிக்கையாகக் காக்கவேண்டிய அமானிதம்.

அந்த ஏழு வருடங்களில் கேக் கேட்டு வருபவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தார்கள். நாட்டில் மாவும் சீனியும் கேஸும் இல்லாமல் போன வருடத்தில் அறவே நின்றது. எல்லாருக்கும் கஷ்டம்தானே என்று அவர் நினைத்தார். கஷ்டம் தணிந்த பிறகு, தெருவில் வேறு ஊர் கேக் பெட்டிகள் போவதைக் கண்டார். அப்போதும் தன் கேக்கில்தான் குறை என்று எண்ணி, முட்டையைக் கூட்டிப் பார்த்தார், வெண்ணெயை மாற்றிப் பார்த்தார்.

கேக் வாங்கியது மக்டலின் மட்டும்தான். மக்டலின் அதே ஊர்க் கத்தோலிக்கப் பெண். பட்டம் கட்டிக்கொண்டு கடலில் சறுக்கி விளையாட வருகிற வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதி ஒன்றில் தலைமைச் சமையல்காரி. பின்னேரத் தேத்தண்ணீருக்கு ஷஃபீனா ராத்தாவின் பட்டர் கேக்கைத்தான் வைப்பார். ஒரு பிரெஞ்சுக்காரி விட்டுப்போன லவண்டர் பைக்கற்றைக் கொண்டுவந்து, இதைப் போட்டு அவர்கள் ஊரில் பிஸ்கட் செய்கிறார்களாம், செய்து பார் என்று தந்தவரும் அவர்தான். ஓகஸ்ட்டில் விடுதியில் ஒரு வெளிநாட்டு ஜோடியின் கலியாண விருந்து இருந்தது. பிஸ்கட் சரியாக வந்தால் இருநூறு வேண்டும்.

ஷஃபீனா ராத்தா அதுவரை லவண்டரைக் கண்டதில்லை. முகப்பவுடர் டின்னின் மேல் படமாகப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். காய்ந்த பூ, ஊதா நிறம், ஏலக்காய் விதையைவிடக் கொஞ்சம் பெரிது. ஏலக்காய்க்கு என்ன செய்வோமோ அதையே செய்தார். இரண்டு மேசைக்கரண்டி நிறைய அள்ளி, சீனியோடு மிக்சியில் போட்டு மாவாக அரைத்து, உருக்கிய வெண்ணெயில் கலந்தார். வட்டிலப்பம் என்ற இனிப்புக்கு ஏலம் போடுகிற கை அது. குறைத்துப் போட்டுப் பழக்கமில்லை. ஓவனுக்குள் சூடு ஏற ஏற மணம் கிளம்பியது. கச்சான் காற்று அதை வாங்கி ஊர் முழுக்கப் பரப்பியது.

"எனக்கு அது கற்பூரமெண்டு தோணவே இல்ல, தம்பி," என்று பின்னொரு நாள் சொன்னார். "எங்கயோ பழகின வாசம் எண்டு மட்டும் விளங்கிச்சி. மனசு அடங்கின மாதிரி இரிந்திச்சி. மத்த எல்லாரும் ஒரு மூச்சில கண்டுபுடிச்சிட்டாங்க."

மறுநாள் மக்டலின் ஒரு பிஸ்கட்டைக் கடித்துவிட்டு வாசலில் துப்பினார். அந்தப் பிரெஞ்சுக்காரிக்குத் தொலைபேசியில் படம் அனுப்பிக் கேட்டதில், அது உடுப்பு அலுமாரிக்குள் பூச்சி வராமல் வைக்கிற சாமான் என்று பதில் வந்தது. லவண்டரில் பல சாதி உண்டாம். அலுமாரிக்கு வைக்கிற சாதியில்தான் கற்பூர மணம் கடுமை. சமையலுக்கு எடுக்கும் சாதி வேறு. அதை அடுத்து வருகிற விருந்தினரிடம் கொடுத்து அனுப்புவதாகவும் சொன்னாராம்.

"அலுமாரியத் தின்னத் தந்திட்டனடி ஒனக்கு," என்று மக்டலின் சிரித்தார். ஷஃபீனா ராத்தாவும் சிரித்தார். ஃபஹ்மியா சிரிக்கவில்லை.

எங்கள் ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டிலிருந்து தட்டில் ஏதாவது வந்தால், அந்தத் தட்டை வெறுமையாகத் திருப்பக்கூடாது. ஒரு பிடி சீனியாவது போட்டு அனுப்பவேண்டும். ஷஃபீனா ராத்தா அனுப்பிய தட்டுகளில் திரும்பியவை எல்லாம் நிறைந்துதான் வந்தன. முருங்கைக்காய், வெங்காயம், கருவாடு. அதைப் பார்த்துத் தன் கேக்கைத் தின்று மகிழ்ந்துதான் அனுப்புகிறார்கள் என்று அவர் நம்பியிருந்தார். ஃபஹ்மியா அன்று இரண்டு வருடமாக மறைத்த ஒன்றைச் சொன்னாள். ஸுஹைரா வீட்டுக்கு அனுப்பிய பெருநாள் கேக், வேலிக்குப் பின்னால் கோழிகளுக்கு முன் கிடந்ததை அவள் கண்டிருக்கிறாள். ஒரு துண்டும் கடிபடவில்லை.

"மையத்துக் கழுவின கை எண்டு அருவருக்கிறாங்க, உம்மா. அதான் கத. கேக்குல ஒரு குறையுமில்ல. ரெண்டுல ஒண்ட விடுங்க."

அதைக் கேட்டு ஷஃபீனா ராத்தா செய்ததையும் அவள்தான் என்னிடம் சொன்னாள். எழுந்து போய், அந்தப் பிஸ்கட்டுகளைத் தானே கோழிகளுக்கு நொறுக்கிப் போட்டாராம். தன் வீட்டுக் கோழிகளுக்கு.

நான் அடுத்த வாரம் போனபோது, விடுதி ஓடர் போதாதா, ஊரார் தின்னாவிட்டால் என்ன என்று கேட்டேன். அப்படிக் கேட்டால் அவருக்கு ஆறுதல் என்று நினைத்தேன்.

"வெள்ளக்காரன் தின்னுவான், தம்பி. அவனுக்கு இந்தக் கை என்ன செய்யிதெண்டு தெரியா. தெரிஞ்சவங்க தின்னணும். அதுதான் எனக்கு வேணும்."

மார்க்கத்தில் இதற்குத் தடை இல்லை. மையத்தைக் குளிப்பாட்டுவது பெரிய நன்மை என்று ஒவ்வொரு ஜும்ஆவிலும் கேட்டு வளர்ந்தவர்கள்தான் அந்த ஊரார். ஷஃபீனா ராத்தாவை எங்கே கண்டாலும் முதலில் சலாம் சொல்வார்கள், கதிரை இழுத்துப் போடுவார்கள். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. அவர் கொடுப்பதை மட்டும் வாயில் வைக்கமாட்டார்கள். இதை எந்தப் பாடத்தில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நான் படித்த சமூகவியலில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது. அதை அவரிடம் சொல்லி என்ன பயன்?

அவர் கடைசியில் மகள் சொன்னதையே கேட்டார். பள்ளிவாசல் நிர்வாகத்தாருக்குச் சொல்லியனுப்பினார்: இனித் தன்னால் முடியாது, ஊரில் வேறு யாராவது பழகட்டும், பழக விரும்பினால் சொல்லித்தருகிறேன் என்று. பழக ஒருவரும் வரவில்லை. அவசரம் என்றால் கற்பிட்டியிலிருந்து ஆள் எடுக்கலாம் என்று நிர்வாகத்தார் பேசிக்கொண்டார்கள். அதுவரை ஊரில் மௌத்தும் இல்லை.

ஜூலைக் கடைசியில் சமையல் லவண்டர் வந்தது. இந்தத் தடவை அவர் அவசரப்படவில்லை. பூவை அரைக்கவே இல்லை. ஒரு பால்மா டின்னில் சீனியை நிரப்பி, அதற்குள் ஒரு சிட்டிகை பூவைப் புதைத்து, இறுக்கி மூடி வைத்தார். ஏழாம் நாள் அரிதட்டில் அரித்துப் பூவை எறிந்துவிட்டுச் சீனியை மட்டும் எடுத்தார். மாவோடு கொஞ்சம் அரிசிமா, உருக்காத வெண்ணெய், தேசிக்காய் என்கிற எலுமிச்சைத் தோலின் பச்சைத் துருவல். ஓவனின் சூட்டையும் குறைத்தார். அந்தப் பிஸ்கட்டை நான் தின்றேன். முதலில் வெண்ணெய், பிறகு தேசிக்காய், எல்லாம் கரைந்த பின் ஏதோ ஒரு பூ. அதன் வாலில் மிக மெல்லிய கற்பூரம் இருந்தது. அது தெரிகிறதா என்று கேட்டார். தெரிகிறது என்றேன். இந்தத் தடவை பொய் சொல்லவில்லை.

"அத முழுசா எடுக்க ஏலாது," என்றார். "எடுத்தா பூவும் போயிரும்."

கலியாண விருந்து ஒரு சனிக்கிழமை பின்னேரம். காலையில் மாவைப் பிசைந்து, வெட்டி, தட்டுகளில் அடுக்கி, முதல் தட்டு ஓவனுக்குள் போன நேரத்தில் படலைச் சத்தம் கேட்டது. ஸுஹைரா நின்றார். தலையில் சீலை சரியாக இல்லை. காலில் செருப்பு இல்லை. அவருடைய உம்மா மர்ளியா விடிகாலை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு மௌத்தாகியிருந்தார்.

ஸுஹைராவால் கேட்க முடியவில்லை. ஷஃபீனா ராத்தா இந்த வேலையை விட்டுவிட்டார் என்பது அவருக்குத் தெரியும். ஏன் விட்டார் என்பதும் தெரிந்திருக்கவேண்டும். கற்பிட்டியில் குளிப்பாட்டுகிற பெண் புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாராம். நண்பகல் ளுஹர் தொழுகைக்கு அடக்க வேண்டும் என்று கூடப் பிறந்த நானாமார் நிற்கிறார்களாம். இதை மட்டும் சொல்லிவிட்டு, படலையைப் பிடித்தபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஃபஹ்மியா உம்மாவின் முகத்தைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்தாள் என்று பிறகு என்னிடம் ஒத்துக்கொண்டாள்.

ஷஃபீனா ராத்தா மணிக்கட்டுவரை மாவாக இருந்த கையைக் குழாயில் கழுவினார். ஓவனைக் காட்டி, ஓரம் சிவக்கத் தொடங்கியதும் எடு, மணத்தை நம்பாதே, நிறத்தைப் பார் என்று மகளிடம் சொன்னார். பிறகு ஸுஹைராவிடம் போனார்.

"நீயும் உள்ள வரணும்."

"எனக்குப் பயமா இரிக்கி, ராத்தா."

"ஒன்ட உம்மா, புள்ள. மகள் இரிக்கக்கொள்ள நான் மட்டும் எப்புடி? நான் சொல்றன், நீ ஊத்து."

சீலைத் திரைக்குள் நடந்ததை எழுத எனக்கு உரிமை இல்லை. ஷஃபீனா ராத்தா ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஸுஹைரா தானாகச் சொன்ன அளவு மட்டும்: முதல் தண்ணீர், ராத்தா சொல்லச் சொல்ல ஊற்றியது. இரண்டாவது, சொல்லாமலே. கற்பூரத்தைத் தன் கையிலேயே தந்து, நசுக்கித் தண்ணீரில் போடச் சொன்னார்கள். தலைமுடியைக் கழுவி விட்டது தான்தான். உம்மாவின் முடியை அதற்கு முன் எப்போது தொட்டேன் என்று நினைவு வரவில்லை.

பிஸ்கட் கருகவில்லை. ஃபஹ்மியா ஒன்பது தட்டுகளையும் ஒவ்வொன்றாகப் போட்டு எடுத்து, பெட்டிகளில் அடுக்கி, மூன்று மணிக்கு மக்டலினின் முச்சக்கர வண்டியில் ஏற்றினாள். இரண்டாவது தட்டு மட்டும் கொஞ்சம் கூடச் சிவந்துவிட்டதாம். அன்று உம்மா திரும்பி வந்து குளித்து முடித்ததும், மகள் அந்தச் சிவந்த தட்டை முன்னால் வைத்து, நான் செய்தது இது, தின்னுங்கள் என்றாள். வேலையை விடுவதைப் பற்றிய பேச்சு அந்த வீட்டில் பிறகு வரவில்லை. விடவும் இல்லை.

மௌத்து வீட்டில் மூன்று நாட்கள் அடுப்பு எரியாது. அக்கம்பக்கத்தில் ஆக்கிக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். ஷஃபீனா ராத்தா தன் பங்குக்கு ஒன்றும் அனுப்பவில்லை. அனுப்பினால் அவர்களுக்குச் சங்கடம் என்று நினைத்தார். தன் முறையை வேறொரு வீட்டாரிடம் கொடுத்துவிட்டார்.

அடுத்த மாதம் ஒரு பின்னேரம் நான் அங்கே இருந்தேன். படிவத்தில் ஒரு கையெழுத்து விடுபட்டிருந்தது என்பது சாட்டு. ஸுஹைரா ஒரு தட்டோடு வந்தார். அது ஷஃபீனா ராத்தாவின் தட்டு. ஓரத்தில் நீலப் பூ போட்ட, பெருநாள் கேக் அனுப்பிய அதே தட்டு. எப்படியோ இத்தனை நாளும் திரும்பாமல் அங்கேயே நின்றிருக்கிறது. அதில் ஒன்றும் இல்லை. வெறுந்தட்டு.

அவரோடு கூட வந்த யாரோ படலைக்கு வெளியே நின்றார்கள். ஸுஹைரா அவர்களைப் போகச் சொல்லிவிட்டு, என்னையும் பொருட்படுத்தாமல், கதிரையில் இருக்காமல் நின்றபடியே சொன்னார்.

"கேக்கக் கோழிக்குப் போட்டது நான்தான், ராத்தா."

"தெரியும்."

"தெரிஞ்சும் எங்கட உம்மாக்கு வந்தீங்களா?"

"மையத்துக்கும் கோழிக்கும் என்ன புள்ள கணக்கு. இரி."

ஸுஹைரா இருந்தார். கொஞ்ச நேரம் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வந்த கதைதான் நான் இதையெல்லாம் எழுதக் காரணம். உம்மாவை அடக்கிய அன்று பின்னேரம், யாரோ கொண்டுவந்த சோற்றை வைத்துக்கொண்டு அவர் இருந்திருக்கிறார். சின்னப் பிள்ளை பசியில் அழுதிருக்கிறது. கையால் பிசைந்து ஒரு வாய் ஊட்டியிருக்கிறார்.

"ஒரு வாய் போனப் பொறகுதான் எனக்கு நெனவு வந்திச்சி. எந்தக் கை எண்டு. எத்தன தரம் கழுவினாலும் நகத்துக்குள்ள அந்த வாசம் இரிந்திச்சி. கையப் பாத்துட்டே இரிக்கன். புள்ள அடுத்த வாய்க்கு வாயத் தொறந்துட்டு நிக்கிது."

"என்ன செஞ்ச?" என்று ஷஃபீனா ராத்தா கேட்டார்.

"என்ன செய்ற? ஊட்டினன்."

ஸுஹைரா தட்டை நீட்டினார். வெறுந்தட்டைத்தான் கொண்டுவந்தேன், நீங்கள் ஏதும் வைத்துத் தாருங்கள் என்றார். வழக்கத்தின்படி பார்த்தால் அது தலைகீழ். ஷஃபீனா ராத்தா பால்மா டின்னிலிருந்து லவண்டர் பிஸ்கட் ஆறு எடுத்து வைத்தார். ஸுஹைரா ஒன்றை அங்கேயே கடித்தார். மெதுவாக மென்றார். கண் கலங்கியதா என்று நான் பார்க்கவில்லை, வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கற்பூரம் இரிக்கி," என்றார்.

"ஓம். கொஞ்சம் இரிக்கும்."

"இரிக்கட்டும். ஆனா ராத்தா, சீனி கொஞ்சம் கூடிப்போச்சி. எங்கட உம்மா இரிந்தா சொல்லியிரிப்பா."

அன்று என் படிவத்தில் கையெழுத்து வாங்க மறந்துவிட்டேன். 'தொழில்' என்ற இடத்தில் 'வெதுப்பக உற்பத்தி' என்பதற்குப் பக்கத்தில், சின்ன எழுத்தில், 'பெண் ஜனாஸாக்களைக் குளிப்பாட்டுதல் (ஊதியமின்றி)' என்று எழுதிச் சேர்த்தேன். மேலதிகாரி அதைப் பார்த்துவிட்டு, இது உற்பத்தியா என்று கேட்டார். இல்லை சேர், தொழில் என்றேன். அவர் அதை வெட்டவில்லை.

ஊர் முழுக்க மாறிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. பல்வலிக்காரருக்கு இன்னும் பல்வலி. சீனி வருத்தக்காரர் கற்பிட்டியிலிருந்து கேக் எடுக்கிறார். ஆனால் இந்த வருட ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பதினோரு வீடுகள் ஷஃபீனா ராத்தாவிடம் கேக் கேட்டன. அதில் ஏழு, ஸுஹைரா போய்ப் பேசிய வீடுகள். ஊராருக்குச் செய்வதில் ஏலக்காய்தான் போடுகிறார். லவண்டரை அவர்கள் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை, ஏற்க வேண்டும் என்று அவரும் கேட்கவில்லை.

ஷஃபீனா ராத்தா இப்போதும் கண்டக்குழியில், அதே வீட்டில் இருக்கிறார். கிழமையில் இரண்டு நாள் விடுதிக்கு லவண்டர் பிஸ்கட் செய்கிறார். ஃபஹ்மியா ஓவனைப் பார்த்துக்கொள்கிறாள். ஊரில் பெண் மௌத்து என்றால் ஷஃபீனா ராத்தா போகிறார். தண்ணீர் ஊற்ற ஸுஹைரா கூடப் போகிறார்.